வக்கீல் அத்தானின் கரிப் படம்

எங்கள் அத்தான் முன்னால் 'பார்த்தேன்' என்ற சொல்லை யாரும் யோசிக்காமல் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றைக்கு அவன் பாடு திண்டாட்டம்தான்.

"வடசேரியில தாசில்தாரைப் பாத்தேன் அத்தான்," என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"பாத்தியா? தலையில என்ன? தொப்பியா, தலைப்பாவா?"

"கவனிக்கல்ல."

"குடை எந்தக் கையில வச்சிருந்தாரு?"

"குடை இருந்ததா?"

"மழைதானே பெஞ்சுக்கிட்டிருந்தது? பின்னே என்னத்தலே பாத்த? அவரு நின்ன திசையில கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னிருக்க. அதுக்குப் பேரு பாக்கியது இல்ல."

என் அக்காவைக் கட்டியவர் அவர். நாகர்கோவில் கோர்ட்டில் சிவில் வழக்குக்குப் பெயர்பெற்ற வக்கீல். ஆள் குள்ளம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எதிராளியை ஒரு பார்வை பார்த்தார் என்றால், பொய்ச்சாட்சி சொல்ல வந்தவனுக்குத் தன் தகப்பன் பெயரே மறந்துபோகும். பெயர் வேண்டாம். அவருடைய பேரன்மார் இருவர் இன்றைக்கும் வக்கீல்கள். எனக்கு இந்த வயதில் கோர்ட்டு ஏற முடியாது.

மகாராஜா ஆட்சிக்காலம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகாதவன். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் கால் தானாக அக்கா வீட்டுக்குப் போய்விடும். இந்தப் படச் சங்கதி முழுவதையும் கிட்ட இருந்து அனுபவிக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

திருவனந்தபுரத்தில் சட்டம் படிக்கிற காலத்தில், ஒருநாள் மழைக்கு ஒதுங்கப் புத்தகசாலைக்குள் போயிருக்கிறார் அத்தான். மேசையில் யாரோ திறந்து வைத்துவிட்டுப் போன பெரிய புத்தகத்தில் ஒரு படம். இத்தாலி தேசத்தில் நானூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த மகா சித்திரக்காரர் ஒருவர் கரியாலும் வெள்ளைச் சாக்குக்கட்டியாலும் வரைந்தது. மழை விட்டதையும் அவர் கவனிக்கவில்லை, பரீட்சைக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கு அன்றுதான் கடைசி நாள் என்பதையும் கவனிக்கவில்லை. ஒரு வருஷம் பிந்தித்தான் வக்கீலானார். "அந்த ஒரு வருஷம் எனக்குச் சேதமில்லே," என்பார். சேதம் அவருடைய அப்பாவுக்கு.

தொழில் நன்றாக ஓடத் தொடங்கியதும் அந்தப் படத்தின் அச்சுப் பிரதி வேண்டுமென்று லண்டனுக்கு எழுதிப்போட்டார். வீட்டில் "படம் வருது" என்று மட்டும் சொன்னார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டில் இயேசு ஆடு மேய்க்கிற 'நல்ல மேய்ப்பர்' படம் ஒன்று இருந்தது. பச்சைப் புல், நீல வானம், ரோஜா நிறத்தில் அங்கி. அதைவிடப் பெரிதாக ஒன்று சீமையிலிருந்து வருகிறது என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டு, முன்னறைச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்தாள்.

வந்தது நீளமான தகரக் குழல். தபால்காரர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்துவந்த விதத்தைப் பார்த்து, வக்கீல் துப்பாக்கி வாங்கிவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. குழலைத் திறப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்து வாசலில் நின்றார்.

"லைசன்சு உண்டுமா வக்கீலய்யா?"

"உள்ள வாரும். நீரும் பாரும்," என்றார் அத்தான்.

உள்ளே ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் சுருட்டியிருந்தன. ஒரு கப்பல் முங்கினாலும் இன்னொன்று வந்துசேரட்டும் என்று இரண்டு கேட்டு எழுதியிருந்தாராம். அவர்கள் இரண்டையும் ஒரே குழலில் போட்டு ஒரே கப்பலில் அனுப்பிவிட்டார்கள். ஒன்றை எடுத்துச் சுவரோடு சேர்த்து விரித்தார். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைப் போலீஸ்காரர் பிடித்தார்.

பழுப்புக் காகிதம். அதில் கரிய கோடுகளுக்குள்ளிருந்து மெல்ல வெளியே வருகிற மாதிரி இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் மற்றவள் பாதி உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்திருப்பவள் மரியாள். மடி கொடுத்திருப்பவள் மரியாளுடைய தாய். மரியாளின் கையிலிருந்து குழந்தை இயேசு சாய்ந்து எட்டி, பக்கத்தில் நிற்கிற இன்னொரு பிள்ளையை ஆசீர்வதிக்கிறார். அந்தப் பிள்ளை யோவான். முகங்களில் அப்படியொரு அமைதி. ஆனால் மூத்தவள் மேலே உயர்த்திக் காட்டுகிற கை வெறும் கோடாக நிற்கிறது. கால்களும் சரியாக முடியவில்லை. நடுவில் காகிதம் ஒட்டின தடம் வேறு.

அக்கா கிட்ட வந்து காகிதத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கப்பல்ல வரும்போது சாயம் போயிட்டோ?" என்றாள் அக்கா.

"சாயமே கிடையாதுட்டி. இது இப்படித்தான்."

"மிச்சத்தை எப்ப அனுப்புவாவ?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

அத்தான் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "இப்பம் சொல்லும். ஆரு மடியில ஆரு இருக்கா?" போலீஸ்காரர் நெடுநேரம் யோசித்து, துப்பாக்கி இல்லை என்பதை எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றை அயினிமரச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். மற்றதைச் சாப்பாட்டு அறையில், தான் உட்காருகிற இடத்துக்கு எதிரே. "சோறு திங்கியப்பவுமா?" என்று அக்கா கேட்டாள். அவர் அதற்குள் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அன்று முதல் அந்த வீட்டுக்கு வந்தவர்களில் யாரும் விசாரணையில்லாமல் தப்பியது கிடையாது. கட்சிக்காரர்கள் வழக்கைச் சொல்வதற்கு முன்னால் படத்தைப் பார்க்க வேண்டும். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, பார்த்ததைச் சொல்ல வேண்டும். கண்ணெதிரே இருப்பதைச் சொல்லத் தெரியாதவன், பத்து வருஷத்துக்கு முன்னால் வரப்பு எங்கே கிடந்தது என்று கூண்டில் ஏறி எப்படிச் சொல்லப்போகிறான் என்பது அவருடைய நியாயம். நியாயம் சரிதான். ஆனால் பல கட்சிக்காரர்கள் படத்துக்குப் பயந்து வேறு வக்கீலிடம் போனார்கள்.

சுசீந்திரத்துப் பக்கத்திலிருந்து ஒரு வேளாளர் வந்தார். தாய்வழிச் சொத்துத் தகராறில் பாதி ஆயுளைத் தொலைத்தவர். படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். திரும்பி நின்றுகொண்டு, கேள்வி வருவதற்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கினார்.

"இது தாவழிக் குடும்பமாக்கும். மூத்தவ இருக்கா, அவளுக்க மவ இருக்கா, பிள்ளையள் இருக்கு. ஆம்பிளைன்னு பேருக்கு ஒருத்தன் உண்டுமா பாத்தேளா? மூத்தவ கையை மேல காட்டுதா. மேல உள்ள மச்சு எனக்குள்ளதுன்னு அர்த்தம். எளையவ வாயத் தொறக்கல்ல. அவளுக்கு மனசுல சம்மதமில்லே. கேஸு வரும்."

அத்தான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பு. ஆனா விரலைப் பாத்தாருலே! மேல காட்டுத விரலைப் பாத்தாரு!" என்று என் தோளில் அடித்தார். அந்தக் கேசை வாங்கிக்கொண்டு, ஜெயித்தும் கொடுத்தார்.

திரேசம்மை விஷயம் வேறு. மணக்குடிக் கடற்கரையிலிருந்து ஓலைக் கடவத்தில் மீன் சுமந்துகொண்டு வருகிறவள். கொல்லை வழியாக அடுக்களை வாசலுக்கு வருவாள். அங்கிருந்து பார்த்தால் சாப்பாட்டு அறைச் சுவர் தெரியும். முதல் நாள் பார்த்ததுமே கடவத்தைத் தொப்பென்று இறக்கிவைத்துவிட்டு முழங்காலில் நின்றுவிட்டாள்.

"எனக்க மாதாவே! சபைக்காரவிய வீட்டுலயும் வந்துட்டியே!"

நாங்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள். மாதாவைக் கும்பிடுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அக்கா பதறிப்போய், "அது சும்மா படம் திரேசம்மே," என்றாள். திரேசம்மை காதில் வாங்கவில்லை. எழுந்து, கடவத்திலிருந்ததிலேயே நல்ல நெய்மீனாக ஒன்றை எடுத்துப் படத்துக்கு நேராக வாசற்படியில் வைத்தாள். "இதுக்கு ஒண்ணும் தரண்டாம். மாதாவுக்கு உள்ளது."

மாதாவுக்கு உள்ளதை நாங்கள்தான் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அக்கா அவளிடம் மாதா விஷயமாக அவ்வளவு கண்டிப்பாகப் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அத்தானுக்குத்தான் பொறுக்காது. இலையில் கையை வைத்துக்கொண்டே சத்தம் போடுவார்.

"கும்பிடாண்டாம் திரேசம்மே! கண்ணைத் தொற. பாரு!"

"கண்ணை மூடினாத்தானய்யா மாதா தெரியும்," என்பாள் அவள்.

அத்தானுடைய குறுக்கு விசாரணையில் விழாத சாட்சி அவள் ஒருத்திதான்.

இதெல்லாம் சபைக்கு எட்டாமல் இருக்குமா? ஒரு மாலை, சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற டீக்கனார் வந்தார். மரத்தடி வியாபாரி, வெள்ளைமீசை, நல்ல மனுஷர். உட்காராமல் நின்றபடியே, படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வக்கீல் சார், விக்கிரகம்னு ஒருத்தன் சொல்லுதான். ரோமை மதம்னு ஒருத்தன் சொல்லுதான். நான் அப்படிச் சொல்லல்ல. ஆனா அந்த மூத்த அம்மா ஆரு? வேதத்துல எந்தப் புஸ்தகத்துல, எந்த அதிகாரத்துல வாறா?"

அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எனக்கு டீக்கனார்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"ஏசுசாமிக்கு அம்மை உண்டுன்னு ஒத்துக்கிடுதியளா?"

"உண்டு. மரியாள்."

"மரியாளுக்கு அம்மை உண்டா?"

டீக்கனார் கதவைப் பார்த்தார். "வேதத்துல சொல்லல்ல."

"நான் வேதத்தைக் கேக்கல்ல. உங்களைக் கேக்கேன். மரியாளுக்கு அம்மை உண்டுமா, இல்லியா? ஒத்தை வார்த்தையில சொல்லணும்."

"…உண்டும்."

"ஒரு பொம்பளைக்குத் தனக்க மவளையும் பேரனையும் மடியில வைக்க உரிமை உண்டுமா?"

"உண்டும்."

"அப்பம் தர்க்கம் தீந்தது. இனி படத்தைப் பாருங்க. தரையில ஒண்ணுமில்லே."

டீக்கனார் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தால் பாவமோ என்று பயம், பார்க்காவிட்டால் அத்தான் விடமாட்டாரோ என்று பயம். அக்கா கொண்டுவந்த காப்பியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டுப் போனார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த விஷயத்தை இன்னும் தீர ஆராய வேண்டும் என்று சொல்லி ஒத்திவைத்துவிட்டார்.

இவ்வளவும் சிரிக்கிற விஷயமாகவே இருந்தது, எஸ்தருக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறவரை.

எஸ்தர் அவர்களுக்கு ஒரே மகள். முதலில் வந்த பையன் திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகம். சாப்பிட்டு முடித்ததும் அத்தான் அவனைத் திருப்பி நிறுத்திவிட்டார். படத்தில் இருப்பது யார் யார் என்று கேட்டதற்கு, "ரெண்டு பொம்பளையள்," என்றான். வேறே என்று கேட்டதற்கும் அதுவே பதில். பிள்ளைகள் இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

"கண்ணு முன்னால நிக்க பிள்ளையளைப் பாக்காதவன் எனக்க பிள்ளையை என்ன பாப்பான்?" என்று அத்தான் அந்தச் சம்பந்தத்தைத் தள்ளிவிட்டார். அடுத்து வந்தவன் விவரம் தெரிந்தவன். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தான். "எவனோ சொல்லிக் குடுத்த சாட்சி," என்று அவனையும் தள்ளினார்.

மூன்றாவதாக நெய்யூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார், பாட்டுக்காரன். கன்வென்ஷன் கூட்டத்தில் அவன் பாடினதை எஸ்தர் கேட்டிருக்கிறாள். கேட்டது மட்டுமில்லை போலிருக்கிறது. அந்தப் பேச்சு வந்ததிலிருந்து வீட்டில் பாத்திரம் விளக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டுத்தான். ஆனால் பையனுடைய அப்பா பழைய உபதேசியார். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. அவர் வீட்டில் படம் கிடையாது, காலண்டர் கிடையாது. முகம் பார்க்கிற கண்ணாடிகூட அலமாரிக்குள்தான்.

"அவிய வாற அன்னைக்கு ரெண்டு படமும் கீழ எறங்கணும்," என்றாள் அக்கா.

"சாட்சியை மறைக்கச் சொல்லுதியா?"

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான் போகிற அன்றைக்கெல்லாம் என் வழியாகத்தான் பேச்சுவார்த்தை. "தம்பி, குளிக்க வெந்நி ரெடின்னு சொல்லு." "மக்கா, சட்டைக்குப் பொத்தான் இல்லைன்னு சொல்லு." இருவரும் எனக்கு இரண்டு பக்கமுமாக ஒரே அறையில்தான் இருப்பார்கள். எஸ்தர் பாடுவதையும் நிறுத்திவிட்டாள். கடைசியில் அத்தான் இறங்கிவந்தார். சாப்பாட்டு அறைப் படம் கட்டிலுக்கு அடியில் போகலாம். முன்னறைப் படம் சுவரைவிட்டு இறங்காது. வேண்டுமானால் மேலே துணி போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு அடி விட்டுக்கொடுக்க முடியாது என்று என்னிடம் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை உபதேசியாரும் அவர் மனைவியும் பையனும் வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். ஸ்தோத்திரம் சொல்லி முன்னறையில் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் படமாக இருந்திருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். விரிப்பு போட்டிருந்ததால் அறையில் வேறு எதையும் யாராலும் பார்க்க முடியவில்லை. ஜெபம் செய்யும்போதுகூட உபதேசியார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்ததை நான் பார்த்தேன். நானும் திறந்துதான் இருந்தேன்.

"அது என்னது?" என்று கேட்டேவிட்டார்.

"சுவர்ல ஈரம்," என்றாள் அக்கா.

"ஈரமில்லே. படம்," என்றார் அத்தான்.

"என்ன படம்?"

அத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் கொல்லைப் பக்கம் ஒரு அலறல் கேட்டது.

"மாதா எங்க? எனக்க மாதாவை ஆரு கொண்டுபோனா?"

முந்தின இரண்டு நாளும் கடலில் காற்று பலமாக இருந்தது. திரேசம்மையின் புருஷன் போன வள்ளம் திரும்பி வரவில்லை. அவன் கரையேறினால் மெழுகுவர்த்தி கொண்டுவந்து ஏற்றுவதாக இந்த வீட்டு மாதாவுக்கு நேர்ந்திருக்கிறாள். அன்று விடியற்காலம் அவன் வந்துவிட்டான். இவள் நேர்ச்சையைச் செலுத்த வந்தால் சுவர் காலியாக இருக்கிறது.

எஸ்தர் தடுக்கப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறுகையில் பிச்சிப்பூ, இடுப்புவரை நனைந்த சேலையோடு திரேசம்மை முன்னறைக்குள் வந்து நின்றாள். விரிப்பைப் பார்த்தாள். ஒரே இழுப்பு.

"எனக்கம்மைக்கு என்னத்துக்குப் போர்வை? பனியா அடிக்கு?"

முழங்காலில் விழுந்தாள். மீன் வாடையும் பிச்சி வாசமும் அறையை நிறைத்தன. உபதேசியார் எழுந்துவிட்டார்.

"இது சபைக்காரன் வீடா, மாதா கோயிலா?"

அத்தானுக்கு உபதேசியார் கண்ணிலேயே படவில்லை. "கும்பிடாண்டாம்னு எத்தனை தடவை சொல்லுதேன், பாரு திரேசம்மே!" என்று அவளோடு மல்லுக்கு நின்றார். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் எஸ்தர், முகம் சுண்ணாம்பு மாதிரி. உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டு, "ஏறுங்க வண்டியில," என்றார்.

பையன் எழுந்தான். அவன் அம்மா எழவில்லை.

அந்த அம்மா வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளைச் சேலை, ஒடுங்கின முகம். இப்போது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்:

"இந்த அம்மைக்குக் காலு மரத்துப் போயிருக்கும்."

அத்தான் சட்டென்று திரும்பினார். "என்ன சொன்னியம்மா?"

"வளந்த பிள்ளையையில்லா மடியில வச்சிருக்கா. அந்தப் பிள்ளை கையில ஒரு பிள்ளை. ரெண்டு கனமும் இவளுக்க முட்டுல. ஆனா மொகத்துல காட்டல்ல." எழுந்து கிட்டப் போனாள். திரேசம்மை கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள். "இவிய அம்மையும் மவளுமா? ஒரே பிராயம் மாதிரியில்லா இருக்கு."

"ஆமா, ஆமா. பாருங்க," என்றார் அத்தான். இப்படி ஒரு சாட்சி அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

"அம்மை மவளைப் பாக்கா. மவ கையில உள்ள பிள்ளையைப் பாக்கா. பிள்ளை அந்தால நிக்க பிள்ளையைப் பாக்கு. அதுவும் இதைத்தான் பாக்கு." விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "இந்த அம்மையை மட்டும் ஒருத்தரும் பாக்கல்லியே."

திரேசம்மைகூட ஜெபத்தை விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

அத்தான் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு படத்தின் முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனை வருஷமாகச் சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவில் பார்த்துக்கொண்டிருந்த படம்!

"ஏறுங்கன்னு சொன்னேன்," என்றார் உபதேசியார்.

"இரியுங்கோ," என்றாள் அந்த அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

அவர் உட்கார்ந்துவிட்டார். இருக்கச் சொல்லி அவள் சொன்னதை அவர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஏன் இருந்தோம் என்று தெரியாத முகத்தோடு இருந்தார். அந்த அம்மா நேராக எஸ்தரிடம் போய், அவளை வெளிச்சத்துக்கு இழுத்து, தாடையைப் பிடித்து நன்றாகப் பார்த்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையனை அத்தான் விசாரிக்கவே இல்லை. மறந்துவிட்டார்.

வண்டி போன பிறகு அத்தான் அடுக்களைக்குப் போனார். அவர் அந்தப் பக்கம் போகிற ஆளில்லை என்பதால் நானும் பின்னால் போனேன். அக்கா, திரேசம்மை வைத்துவிட்டுப் போன மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீ அந்தப் படத்தைப் பாத்திருக்கியா?"

"தெனமும் தொடைக்கியது ஆரு?"

"அதுல என்ன பாத்த?"

கத்தி நின்றது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"போலீஸ்காரன்ட்ட கேட்டிய. வரப்புக்கேசுக்காரன்ட்ட கேட்டிய. டீக்கனார்ட்ட கேட்டிய. மீன்காரிட்டயும் கேட்டிய. எனக்கிட்டக் கேக்கத் தோணல்ல. இப்பம் கேக்கியளாக்கும்?" மறுபடி செதிலைச் சுரண்டத் தொடங்கினாள். "அந்தக் கேஸு காலாவதி ஆயிப்போச்சு."

சிவில் சட்டத்தில் அவரை மடக்க ஜில்லாவில் ஆள் கிடையாது என்பார்கள். இப்போது அவர் என்னைப் பார்த்தார்.

"தாமதத்தைப் பொறுத்துக்கிடணும்னு மனு போடலாமில்லியா அத்தான்?" என்றேன்.

போட்டார். கோர்ட்டிலிருந்து வரும்போது தோவாளைப் பூ வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா அதைத் தண்ணீர்ப் பானைமேல் வைத்தாள். மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துத் தருகிறேன் என்று உட்கார்ந்து பெருவிரலை அறுத்துக்கொண்டார். அக்கா மருந்து போட்டுவிட்டாள், மனுவைத்தான் எடுக்கவில்லை. கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீலுக்கு விஷயம் தெரிந்து, "மனு என்னாச்சு சார்?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து நாங்கள் முன்னறையில் இருந்தோம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அத்தான் தன் சாய்வு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அவர் தவிர யாரும் உட்காராத நாற்காலி அது. அக்கா அதில் உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. அத்தான் தீர்ப்புக்குக் காத்திருக்கிற கட்சிக்காரன் மாதிரி பக்கத்தில் நின்றார்.

"சேலை நல்லாருக்கு," என்றாள் கடைசியில்.

"சேலையா?"

"முட்டுமேல எப்படி மடிஞ்சு விழுது பாருங்க. கரையில்லே, பூவில்லே, ஒண்ணுமில்லே. கல்யாணத்துக்கு எனக்கு இந்த மாதிரி ஒண்ணு எடுத்துத் தருவியளா?"

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகாமல், சாப்பாட்டு அறைப் படத்தைச் சட்டத்தோடு துணியில் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு அத்தான் கோட்டாறு ஜவுளிக்கடைக்குப் போனார். துணைக்கு நானும். கடைக்காரர் கலர் கலராக எடுத்துப் போட்டார்.

"இது வேண்டாம். இந்தப் படத்துல உள்ள நிறம்."

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். "இது நிறமே இல்லியே சார்."

"அதுதான் வேணும். மடிச்சா இந்த மாதிரி விழணும்."

மத்தியானம் வரை கடையிலிருந்த பட்டையெல்லாம் கடைக்காரரின் முழங்கால்மேல் போட்டுப் பார்த்தார் அத்தான். காட்டியே அவருக்குக் கால் வலித்துவிட்டது. கடைசியில் உள்ளறையிலிருந்து, யாரும் வாங்காமல் கிடந்த பழுப்புப் பட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அது அப்படியே விழுந்தது.

எங்கள் சபையில் மூத்த பெண்கள் வெள்ளைதான் கட்டுவார்கள். கல்யாணத்தன்று அக்கா அந்தப் பழுப்புச் சேலையில் வந்து முதல் வரிசை பெஞ்சில் உட்கார்ந்ததும் கோயிலில் ஒரு சலசலப்பு. அக்கா யாரையும் பார்க்கவில்லை. எஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை நடந்தது. எஸ்தர் கையைப் பிடித்துக்கொண்டு அத்தான் முன்னால் நின்றார். போதகர் புஸ்தகத்திலிருந்து வாசித்தார்:

"இந்தப் பெண்ணை இந்தப் புருஷனுக்கு விவாகம் செய்துகொடுக்கிறவர் யார்?"

பதில் இல்லை. போதகர் குரலை உயர்த்தி இன்னொருமுறை கேட்டார். அப்போதும் இல்லை. அத்தான் கழுத்தைத் திருப்பி, முதல் வரிசை பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடி நெற்றியில் இல்லை, கண்ணில் இருந்தது. எஸ்தர் முழங்கையால் இடித்தாள். அவர் தூக்கிவாரிப்போட்ட மாதிரி திரும்பினார்.

"நான்தான், யுவர் ஆனர்!"

கோயில் குலுங்கியது. டீக்கனார் சிரித்தார், உபதேசியார்கூடச் சிரித்தார். அக்கா மட்டும் பழுப்புச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தலையைக் குனியவில்லை. பார்க்கட்டும் என்று அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.